கல் காலம் காட்டுமா? பொம்பேய் வீட்டுச் சுவர்களைப் படிக்கும் முறை

பொம்பேய் நகரின் வடமேற்கு மூலையில், ஹெர்குலேனிய வாசலுக்கு அருகே, 'அறுவை மருத்துவர் வீடு' என்று பெயர்பெற்ற வீடு ஒன்று இருக்கிறது. 1770–71இல் அதைத் தோண்டியவர்களுக்கு இரும்பிலும் வெண்கலத்திலும் செய்த மருத்துவக் கருவிகள் 40 அளவில் கிடைத்தன. பெயர் அதனால் வந்தது. அந்த வீட்டை ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி தேடிவரக் காரணம் அதன் முகப்புச் சுவர். மஞ்சள் படிந்த சுண்ணாம்புப் பாறையைப் பெரிய பாளங்களாக வெட்டி, பூச்சில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் உள்ள வீடுகள் கைக்கடங்கும் சிறு கல்லும் சாந்தும் செங்கல்லுமாக நிற்கும்போது இது மட்டும் வேறொரு யுகத்தின் கட்டடமாகத் தோன்றுகிறது.

தோன்றியதையே 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் கோட்பாடாக்கினார்கள். பொம்பேய் அகழாய்வுக்கு 1863 முதல் தலைமை ஏற்ற ஜுசெப்பே ஃபியோரெல்லி, நகரக் கட்டடங்களைக் கல்லின் வகையை வைத்துக் காலவரிசைப்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிஹ் நிஸ்ஸன் 1877இல் வெளியிட்ட ஆய்வில் அதை விரித்தார்; அவருக்குப் பின் ஆகஸ்ட் மாவ் அதற்குப் பரவலான செல்வாக்கைத் தேடித்தந்தார். முதலில் சுண்ணாம்புக் கல்லின் காலம், அடுத்து டஃப் எனப்படும் எரிமலைச் சாம்பற்பாறையின் காலம், பிறகு சாந்துச் சுவர்களின் காலம், கடைசியில் செங்கல் என்று அந்த வரிசை அமைந்தது. அதன்படி அறுவை மருத்துவர் வீடு மிகப் பழைய படிக்குரியது. கி.மு. 4ஆம் அல்லது 3ஆம் நூற்றாண்டு என்ற கணிப்பு பாடநூல்களில் ஏறியது. இத்தாலிய வீட்டின் ஆதி வடிவத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டியவர்கள் எல்லாம் இந்த வீட்டின் வரைபடத்தைத்தான் அச்சிட்டார்கள்.

அந்த வரிசை தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பொம்பேய் கொத்தனார் ஒரு கல்லை எடுத்தபோது சுவரின் எந்த இடத்துக்கு அது போகிறது, எவ்வளவு எடை தாங்க வேண்டும், யார் கண்ணில் படும், எவ்வளவு செலவாகும், பக்கத்தில் இடிந்து கிடப்பது எது என்பவற்றைப் பார்த்தே எடுத்தார். ஒரே சுவரில் ஐந்து வகைக் கல் இருப்பது பொம்பேயில் இயல்பு. கல்லைக் காலமாக எண்ணிய பார்வை, கட்டியவரின் இந்தக் கணக்குகளைக் காணாமல் விட்டது.

நகரைச் சூழ்ந்த கற்கள்

பொம்பேய் நிற்பதே பழைய எரிமலைக் குழம்பு உறைந்த மேட்டின் மீது. ஆகவே கரிய எரிமலைக் கல் காலடியிலேயே கிடைத்தது. உறுதியானது, கனமானது, செதுக்கக் கடினமானது. தெருவுக்குப் பாவவும் வாசற்படிக்கும் சுவரின் அடிப்பகுதிக்கும் அது ஏற்றது. அதே குழம்பின் மேற்பரப்பில் காற்றுக் குமிழ்கள் நிறைந்து உறைந்த பகுதியை இத்தாலியர் 'க்ரூமா' என்கிறார்கள். துளைகள் மலிந்த அந்தக் கல் மிக இலேசானது. சுவரின் மேல்வரிகளுக்கும் வளைகூரைகளுக்கும் பயன்பட்டது.

சார்னோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊற்றுநீரிலிருந்து படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை மற்றொரு வகை. நாணல், தண்டு, இலை முதலியவை படிவின்போது உள்ளே அகப்பட்டு மக்கிப்போனதால் கல்லெங்கும் குழல்போன்ற ஓட்டைகள். பாளமாக வெட்டி எடுக்கலாம். நுட்பமான சிற்ப வேலைக்கு ஒத்துவராது. நுசேரியா பக்கத்திலிருந்து வந்த சாம்பல்நிற டஃப், சுமார் 39,000 ஆண்டுகளுக்கு முன் ஃபிளெக்ரேயன் வயல்கள் என்ற எரிமலைப் பகுதி வெடித்தபோது பரவிய சாம்பல் இறுகியது. சீராக வெட்டுப்படும், மூலைகள் கூர்மையாக நிற்கும். தூண்தலை செதுக்கவும் பார்வையான முகப்பு கட்டவும் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் செல்வர்கள் இதைத்தான் கேட்டார்கள். நேப்பிள்ஸ் பக்கத்து மஞ்சள் டஃப், அதைவிட மென்மையானது, பிற்காலத்தில் அதிகம் வந்தது.

இந்தக் கற்கள் ஒன்று போய் மற்றொன்று வந்தவை அல்ல. எல்லாமே எப்போதும் எட்டும் தொலைவில் இருந்தன. மாறியது அவற்றைச் சேர்க்கும் முறையும் அவற்றுக்கு ஒதுக்கிய இடமும்.

சட்டமும் நிரப்பும்

அறுவை மருத்துவர் வீட்டின் முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வேறு சுவர் தெரிகிறது. அங்கே பாளங்களைச் சுவர் முழுக்க அடுக்கவில்லை. சற்று இடைவெளி விட்டு, நிற்க வைத்த நீண்ட கல், அதன்மேல் குறுக்கே படுக்க வைத்த கல், மறுபடி நிற்கும் கல் என்று தூண் வரிசைகளை எழுப்பியிருக்கிறார்கள். இடைப்பட்ட பகுதியைச் சிறு கற்களால் நிரப்பி மண்சாந்தால் பிடித்திருக்கிறார்கள். வட ஆப்பிரிக்காவில், கார்த்தேஜியப் பண்பாட்டு ஊர்களில் இம்முறை மிகுதியாகக் காணப்படுவதால் ஆய்வாளர்கள் இதற்கு 'ஓபஸ் ஆப்ரிக்கானம்' என்று பெயரிட்டார்கள். துனீசியாவின் கெர்குவானில் இதைப் பார்க்கலாம்.

இதன் தருக்கம் எளியது. கூரையின் எடை நிற்கும் தூண் வரிசைகள் வழியே அடித்தளத்துக்கு இறங்குகிறது. இடை நிரப்புக்கு எடை தாங்கும் பொறுப்பு குறைவு. அறையை மறைத்தால் போதும். படுக்க வைத்த கற்களின் இரு முனைகளும் நிரப்புக்குள் நீண்டு அதைப் பற்றிக்கொள்கின்றன. இதனால் பெரிய கல்லின் தேவை பல மடங்கு குறைகிறது. ஒரு பாளத்தை வெட்டி, வண்டியேற்றி, தூக்கி வைக்கும் செலவைக் கணக்கிட்டவருக்கு இது பெரிய சேமிப்பு. பாளத்தில் பிழையாக உடைந்த துண்டும் வீணாகாமல் நிரப்புக்குள் போய்விடும்.

மண்சாந்துக்கு எதிரி மழை. நீர் உள்ளே இறங்கினால் கரைந்துவிடும். ஆகவே இத்தகைய சுவருக்கு மேற்பூச்சும், நீட்டி இறக்கிய கூரையும் கட்டாயம். தெருப்பக்கம் மட்டும் பூச்சு தேவைப்படாத பாளங்களால் கட்டப்பட்டதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், வழிப்போக்கரும் வாக்குக் கேட்டு வருபவரும் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். காசு முழுவதும் முகப்பில் இறங்கியிருக்கிறது. உள்ளே சிக்கனம் ஆண்டிருக்கிறது. ஒரே வீட்டுக்குள், ஒரே சமயத்தில், இரண்டு கட்டுமான முறைகள். காலவரிசைக் கோட்பாட்டுக்கு இதுவே முதல் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்பு வந்த பிறகு

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புச் சாந்து வீட்டுச் சுவருக்குப் பரவலாக வந்தது. அத்துடன் கொத்தனாரின் வேலையே மாறியது. கையால் தூக்கும் அளவுக் கற்களை, பெரும்பாலும் கரிய எரிமலைக் கல்லையும் சார்னோ சுண்ணாம்புக் கல்லையும், ஒழுங்கான வரி இல்லாமல் சாந்தில் பதித்து எழுப்பும் முறை பரவியது. 'ஓபஸ் இன்செர்ட்டம்' என்று அழைக்கப்படும் இது, பொம்பேய் வீடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் சுவர் வகை. சுவரின் இரு முகங்களிலும் ஓரளவு தட்டையான முகமுள்ள கற்களைப் பதிப்பார்கள்; நடுவில் கல்துண்டும் உடைந்த ஓடும் சாந்தும் கலந்து கொட்டுவார்கள். கல்லைச் சீராக வெட்டும் கைத்தேர்ச்சி பெற்ற ஆள் கொஞ்சம் போதும். சாந்து குழைக்கவும் கல் சுமக்கவும் கொட்டவும் மற்றவர்கள் போதும். அடிமை உழைப்பு பெருகிய இத்தாலிக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது.

இந்த வேகத்தில் ஒரு குறை ஒளிந்திருந்தது. பேரரசர் அகஸ்டஸுக்குக் காணிக்கையாக்கிய கட்டடக்கலை நூலில் விட்ருவியஸ் அதை வெளிப்படையாகச் சொல்கிறார். கிரேக்கர்கள் சுவரின் இரு முகங்களையும் ஊடுருவிப் பிடிக்கும் நீண்ட கற்களை இடையிடையே வைத்துக் கட்டுகிறார்கள். நம்மவர்கள் அவசரத்தில் இரு முகத்தையும் நிறுத்திவிட்டு நடுவைத் துண்டுகளால் நிரப்புகிறார்கள். சுவர் ஒன்றாக நிற்காமல் மூன்று தோலாகப் பிரிந்துவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு முகம் மட்டும் உப்பிப் பிதுங்கிச் சரிந்த சுவர்களைக் கண்டவர் எழுதியது என்பது படித்தாலே தெரியும்.

அவர் கொடுக்கும் விளக்கம் நுண்ணியது. மென்மையான துளைக்கல் சாந்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் கற்கள் சிறியனவாகவும் சாந்து தாராளமாகவும் இருக்க வேண்டும் என்கிறார். கல்லைக் கோடையில் வெட்டி இரண்டு ஆண்டு வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்கச் சொல்கிறார். அதில் பழுதடைந்ததை அடித்தளத்துக்கும், தாக்குப்பிடித்ததை மேல்சுவருக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் அறிவுரை. கட்டி முடித்த பின் குறை கண்டு இடிப்பதைவிடக் கல்லையே முன்கூட்டிச் சோதித்துவிடும் நடைமுறை இது.

சாய்சதுரத்தின் ஒழுங்கு

ரோமானியத் தளபதி சுல்லாவிடம் தோற்ற பொம்பேய் கி.மு. 80இல் ரோமானியக் குடியேற்றமான பிறகு, சுவர்முகத்தில் மெல்ல ஓர் ஒழுங்கு ஏறியது. கற்களை ஏறக்குறைய ஒரே அளவில் தட்டி, சாய்வாக அடுக்கும் முறை தோன்றியது. அகஸ்டஸ் காலத்தில் அது முழுமை பெற்றது. சதுரமுகமும் பின்னால் குவிந்து கூம்பும் வடிவமுமாக வெட்டிய டஃப் கற்களை, முகம் 45 பாகையில் சாய்ந்து நிற்கும்படி, கூம்பு முனை சாந்துக்குள் புதையும்படி பதிப்பார்கள். சுவர்முகம் வலை விரித்தாற்போல் தெரியும். இதுவே 'ஓபஸ் ரெட்டிகுலாட்டம்'.

இதில் அழகைவிடத் தொழில் ஒழுங்கே முக்கியம். எல்லாக் கல்லும் ஒரே அளவு என்பதால் கல் வெட்டும் களத்திலேயே ஆயிரக்கணக்கில் வெட்டிக் குவிக்கலாம். சுவரில் நிற்கும் கொத்தனார் கல்லைத் தேர்ந்தெடுக்க நேரம் செலவிட வேண்டாம். ஒரு கல் வைத்ததும் அடுத்த கல்லின் இடம் தானே அமைந்துவிடும். ஆனால் சாய்ந்த வரிகள் சுவரின் ஓரத்தில் ஒழுங்காக முடியாது. மூலைக்கும் கதவு நிலைப் பக்கங்களுக்கும் செங்கல்லோ சிறு செவ்வகக் கல்லோ வைத்துப் பல்பல்லாகக் கோத்தே முடிக்க வேண்டியிருந்தது. அதாவது ஒரு வகைக் கல் மற்றொரு வகையை அழைத்துவந்தது.

விட்ருவியஸுக்கு இந்த நாகரிகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் மூட்டுகள் தொடர்ந்து ஒரே சாய்வில் ஓடுவதால் எளிதில் விரிசல் விடும். ஒழுங்கற்ற கல்கட்டு அழகு குறைந்தாலும் கற்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்பதால் உறுதி கூடியது என்கிறார். ரோமானியக் கட்டடக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அம்முறை தொடர்ந்தது. வேலையின் வேகம் ஆசிரியரின் எச்சரிக்கையை வென்றது.

சாந்தின் கதை

சுவரின் ஆயுளைத் தீர்மானித்தது கல்லைவிடச் சாந்து. சுண்ணாம்புக் கல்லை 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் பட்டதும் அது கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலுடன் குழைத்துச் சுவரில் வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மறுபடி கல்லாக இறுகும். விட்ருவியஸின் அளவு: தோண்டியெடுத்த மணலானால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆற்று மணலோ கடல் மணலோ ஆனால் இரண்டுக்கு ஒன்று. ஆற்று மணலுடன் இடித்துச் சலித்த ஓட்டுத்தூளைச் சேர்த்தால் சாந்து மேம்படும் என்றும் சொல்கிறார்.

பொம்பேய்க்கு இதைவிட நல்லது வாய்த்தது. வெசூவியஸ் எரிமலையைச் சுற்றியும் பையே கடற்கரையிலும் கிடைத்த எரிமலைத் தூள், சுண்ணாம்புடன் வினைபுரிந்து, காற்று புகாத சுவரின் நடுப்பகுதியிலும் தண்ணீருக்கு அடியிலும் கூட இறுகும். இரு முகங்களுக்கு நடுவே கொட்டிய நிரப்பு காலப்போக்கில் ஒரே பாறையாவதற்கு இந்தத் தூளே காரணம். விட்ருவியஸ் குறைசொன்ன மூன்று தோல் பிரச்சினையைக் கல்லின் பிணைப்பால் தீர்க்காமல் வேதியியலால் தீர்த்திருக்கிறார்கள்.

சாந்தை எப்படிக் கலந்தார்கள் என்பதில் அண்மையில் புதிய வெளிச்சம் விழுந்திருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அட்மிர் மாசிச் தலைமையிலான குழு, இத்தாலியின் பிரிவெர்னம் நகர மதில் சாந்தை ஆராய்ந்து 2023இல் ஒரு முடிவை வெளியிட்டது. சாந்துக்குள் வெள்ளைத் துணுக்குகளாகத் தங்கியிருக்கும் சுண்ணாம்பைச் சரியாகக் குழைக்காததன் அடையாளம் என்று முன்பு ஒதுக்கியிருந்தார்கள். சுட்ட சுண்ணாம்பை முன்னதாக நீற்றாமல் நேரடியாகச் சேர்த்து, கொதிக்கக் கொதிக்கக் கலந்ததன் விளைவு அது என்று இக்குழு வாதிட்டது. பின்னால் சுவரில் விரிசல் விழுந்து நீர் புகும்போது அந்தத் துணுக்குகள் கரைந்து, மறுபடி படிகமாகி, விரிசலை அடைக்கும் என்பதும் அவர்கள் கண்டது.

மறு ஆண்டே பொம்பேயிலிருந்து ஒரு சான்று வந்தது. நகரின் 9ஆம் மண்டலம், 10ஆம் தொகுதியில் நடந்த அகழாய்வில், கி.பி. 79இல் எரிமலை வெடித்தபோது வேலை நடந்துகொண்டிருந்த கட்டுமான இடமே கிடைத்திருப்பதை 2024இல் பொம்பேய் தொல்லியல் பூங்கா அறிவித்தது. சுவர் ஓரம் அடுக்கிய ஓடுகளும் டஃப் கற்களும், சுண்ணாம்புக் குவியலும், சாந்து குழைக்கும் இரும்பு மண்வெட்டியும், தூக்குக் குண்டுக்கான ஈயமும் போட்டது போட்டபடி கிடந்தன. சுவரில் கரியால் எழுதிய ரோமானிய எண்களும் இருந்தன. சுட்ட சுண்ணாம்பும் எரிமலைத் தூளும் முன்கூட்டி உலர்வாகக் கலந்து வைக்கப்பட்டிருந்ததை அங்கே பார்க்க முடிந்தது. விட்ருவியஸ் சொல்வது முன்னதாக நீற்றிய சுண்ணாம்பை. நூல் எழுதியவருக்கும் சாரத்தில் நின்றவருக்கும் இடையே இருந்த தொலைவு இதில் வெளிப்படுகிறது.

சுவருக்கு விலை உண்டு

ரோமானியர் சுவரை ஒரு சொத்தாகவும் தேய்மானம் உள்ள பொருளாகவும் பார்த்தார்கள். இரு வீட்டுக்குப் பொதுவான சுவருக்கு மதிப்புப் போடும்போது, கட்டிய செலவில் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 80இல் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தை விட்ருவியஸ் பதிவு செய்கிறார். மென்மையான சிறுகல் சுவரின் ஆயுள் 80 ஆண்டு என்பது அதன் அடிப்படை. பச்சை மண்கல் சுவருக்கு, தூக்குக் குண்டுக்கு நேராக நிற்கும்வரை, தள்ளுபடியே கிடையாது. ரோமானியப் பெருமையின் அடையாளமாக இன்று நாம் கருதும் கல்சாந்துச் சுவரைவிட எளிய மண்கல் சுவருக்கு அக்கால மதிப்பீட்டாளர் அதிக மரியாதை கொடுத்திருக்கிறார்.

தலைநகரில் நிலைமை வேறு. பொதுச்சுவர் ஒன்றரை அடிக்கு மேல், அதாவது சுமார் 44 சென்டிமீட்டருக்கு மேல், தடிமனாகக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தத் தடிமனில் மண்கல் சுவர் ஒரு மாடிக்கு மேல் தாங்காது. மக்கள் பெருகிய ரோமில் மாடி மேல் மாடி எழுப்பக் கல் தூணும் சுட்ட செங்கல்லும் கல்சாந்தும் வேண்டியிருந்தன. பொம்பேய்க்கும் அண்டை நகரான ஹெர்குலேனியத்துக்கும் மாடியாசை வந்தபோது மற்றொரு மலிவு வழியும் இருந்தது. மரச்சட்டங்களைச் சதுரம் சதுரமாக இணைத்து, இடையில் கல்லும் சாந்தும் நிரப்பும் முறை அது. ஹெர்குலேனியத்தில் அப்படிக் கட்டிய வீடு ஒன்று முழுதாகக் கிடைத்திருக்கிறது. தீப்பிடித்தால் தீவட்டிபோல் எரியும் இந்தச் சுவர் முறையைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று விட்ருவியஸ் சலித்துக்கொள்கிறார்.

இந்த உழைப்பையும் செலவையும் எண்ணால் அளக்கும் முயற்சி கடந்த தலைமுறையில் வலுப்பெற்றது. ரோமின் காரகல்லா குளியல் மாளிகைக்குத் தேவைப்பட்ட ஆள்பலத்தை ஜேனட் டிலேன் 1997இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டார். இயந்திரம் வராத 19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பெகொரெட்டி என்பவர் எழுதிய கட்டட வேலை மதிப்பீட்டுக் கையேடு அவருக்கு உதவியது. அந்த வழி பிறகு வீடுகளுக்கும் விரிந்தது. சுவரின் தோற்றத்தைப் பெயரிட்டு நிறுத்திக்கொண்ட ஆய்வு, அதைக் கட்டிய கைகளை எண்ணத் தொடங்கியது.

அந்தக் கைகளுக்குப் பெயர் கிடைப்பது அரிது. பொம்பேய்த் தெருச்சுவர் ஒன்றில் பதித்த டஃப் பலகை அதற்கு விதிவிலக்கு. டயோஜெனிஸ் என்ற கொத்தனாரின் பெயரும், அவர் தொழிற்கருவிகளும், கண்ணேறு கழிக்கும் ஆண்குறிச் சின்னமும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பணம் கொடுத்துக் கட்டியவரின் பெயர் கல்வெட்டில் நிற்கும் உலகில், கட்டிய தொழிலாளி தன் பெயரை விட்டுச்சென்ற அரிய இடம் அது.

நிலநடுக்கமும் ஒட்டும்

கி.பி. 62 அல்லது 63ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் பொம்பேய் இருந்த காம்பானியா பகுதியைக் கடும் நிலநடுக்கம் உலுக்கியது. ரோமானியத் தத்துவ அறிஞர் செனக்கா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொம்பேய் வங்கியாளர் செசிலியஸ் யூகுண்டஸின் வீட்டுப் பூசையிடத்தில் இருந்த புடைப்புச் சிற்பம், நகரமன்றக் கோயிலும் வெசூவிய வாசலும் சாய்வதைக் காட்டுகிறது. அன்று முதல் கி.பி. 79இல் எரிமலை நகரை மூடும்வரை, ஏறக்குறைய 17 ஆண்டுகள், நகரமே பெரிய பழுதுபார்ப்புக் களமாக இருந்தது. இடையிடையே மேலும் அதிர்வுகள் வந்திருக்க வேண்டும் என்பதை ஒரே சுவரில் இரண்டு முறை ஒட்டுப்போட்ட இடங்கள் காட்டுகின்றன.

பழுது பார்த்த விதத்தில் நடைமுறை அறிவு தெரிகிறது. மூலைகளையும் கதவுப் பக்கங்களையும் செங்கல் வரியும் சிறுகல் வரியும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டினார்கள். கிடை வரிகள் சுவரின் முழுத் தடிமனையும் இணைப்பதால் சாய்சதுர அடுக்கைவிட அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். இடையிலுள்ள சுவருக்கு இடிபாட்டில் கிடைத்த அனைத்தும் போயிற்று. சார்னோ பாளத்தின் உடைசல், டஃப் தூணின் துண்டு, பழைய பூச்சோடு ஒட்டிய கல், கூரை ஓடு என எல்லாம் ஒரு சாந்தில் சேர்ந்தன. 'மிகப் பழைய' கல் கி.பி. 70களின் சுவரில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். செங்கல்லைக் கண்டதும் நிலநடுக்கத்துக்குப் பிந்தையது என்று முடிவுகட்டுவதும் இதே அளவு ஆபத்து. பொம்பேயின் பசிலிக்கா மண்டபத் தூண்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே செங்கல்லால் கட்டியவை.

பூச்சு மறைத்த உண்மை

இத்தனை வேறுபாட்டையும் வீட்டுக்காரரின் விருந்தினர் பார்த்திருக்க மாட்டார்கள். சுவரின் உள்முகம் முழுக்கப் பூச்சு. அதுவும் ஆகஸ்ட் மாவ் 1882இல் 'முதல் பாணி' என்று வகுத்த அலங்காரம், கல்கட்டு ஆய்வுக்கு மிகப் பெரிய சாட்சி. கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சுண்ணாம்புப் பூச்சைப் புடைப்பாக வார்த்து, வரி கீறி, வண்ணம் தீட்டி, விலையுயர்ந்த பளிங்குப் பாளங்களால் கட்டிய சுவர்போலவே காட்டினார்கள். ஃபான் வீட்டின் முகப்பு நல்ல நுசேரியா டஃப். உள்ளே அறைகளில் பாளச்சுவராகத் தெரிவது பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரிவது சட்டமும் சிறுகல்லும். சுமார் 3,000 சதுர மீட்டர் பரப்புள்ள, அலெக்சாந்தர் மொசைக் கிடைத்த, நகரின் மிகப் பெரிய மாளிகையிலேயே இந்த ஏற்பாடு.

வெட்டிய பெருங்கல் அக்காலத்தில் மதிப்பின் அடையாளமாக இருந்தது என்பதை இது உணர்த்துகிறது. வசதி உள்ளவரை கல்லில் காட்டினார்கள், அதற்கு மேல் பூச்சில் காட்டினார்கள். எனவே முகப்பில் பெரும்பாளம் வைப்பது ஒரு காலத்தவர் அனைவருக்கும் பொதுவான கட்டாயம் என்று கொள்ள முடியாது. அது ஒரு வீட்டுக்காரர் தன் நிலையை ஊருக்கு அறிவிக்கத் தேர்ந்தெடுத்த வழி. பழமையான தோற்றத்தையே மதிப்பாகக் கருதி ஒருவர் அதைத் தேர்ந்திருக்கவும் கூடும்.

தரைக்குக் கீழே கிடைத்த பதில்

அறுவை மருத்துவர் வீட்டின் காலத்தைத் தீர்த்துவைத்தது மண்வெட்டி. அமெதேயோ மையூரி 1926இல் அங்கே தரைக்குக் கீழே தோண்டிப் பார்த்தார். அவர் முடிவு பழைய கணிப்பை ஒட்டியே இருந்தது. 1990களின் நடுவில் தொடங்கிய ஆங்கிலோ-அமெரிக்கப் பொம்பேய் ஆய்வுத் திட்டம் அந்தத் தொகுதி முழுவதையும் அடுக்கு அடுக்காக மறுபடி தோண்டியது. மைக்கேல் ஆண்டர்சனும் டேமியன் ராபின்சனும் அந்த வீட்டின் முழு அறிக்கையை 2018இல் வெளியிட்டார்கள். சுவரின் அடித்தளப் பள்ளத்தில் விழுந்திருந்த மட்கல ஓடுகளும் மற்றப் பொருள்களும், வீடு கி.மு. 200 அளவிலோ அதற்குப் பின்போ கட்டப்பட்டது என்று காட்டின. அதற்கடியில் வேறொரு பழைய கட்டுமானத்தின் சுவடும் இருந்தது. நகரின் ஆதி வீடு என்று கருதப்பட்டது, உண்மையில் ஏற்கெனவே கட்டடம் இருந்த மனையில் எழுந்த வீடு. சுண்ணாம்புச் சாந்து பரவத் தொடங்கிய நூற்றாண்டுக்கு வெகு அருகில், அல்லது அதற்குள்ளேயே, அதன் காலம் விழுகிறது.

அப்படியானால் கல்கட்டைப் பார்ப்பதே வீணா? இல்லை. கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. இந்தச் சுவர் எந்த வகை என்று கேட்பதோடு நில்லாமல், இது எந்தச் சுவரின் மேல் சாய்கிறது, எதனோடு கோத்துக் கட்டப்பட்டது, எந்தக் கதவு அடைக்கப்பட்டது, சாரம் நிறுத்திய துளைகள் எந்த மட்டத்தில் ஓடுகின்றன, பூச்சு மூட்டின்மேல் ஓடுகிறதா மூட்டில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரு சுவர் சேருமிடத்தில் கல் கோத்திருந்தால் இரண்டும் ஒன்றாக எழுந்தவை. நேர்மூட்டு இருந்தால் ஒன்று பின்னால் வந்தது. முன்பின் உறவு இப்படி உறுதியான பிறகு, மண்ணடுக்கில் கிடைத்த நாணயமும் மட்கலமும் ஆண்டைச் சொல்லும். மெனாண்டர் இல்லத் தொகுதியில் ரோஜர் லிங் 1997இல் வெளியிட்ட ஆய்வு, சுவருக்குச் சுவர் இப்படி நடந்து ஒரு தொகுதியின் வரலாற்றையே எழுத முடியும் என்று நிறுவியது.

இந்தப் படிப்பின் பயன் வரலாற்றோடு நிற்பதில்லை. 2010 நவம்பர் 6ஆம் நாள், பொம்பேயின் முதன்மைத் தெருவில் 'கிளாடியேட்டர்கள் இல்லம்' என்று அறியப்பட்ட கட்டடம் இடிந்து விழுந்தது. 1943 குண்டுவீச்சில் சிதைந்த அதைப் பின்னர் சீரமைத்தபோது இரும்புக்கம்பி கான்கிரீட் கூரை போட்டிருந்தார்கள். எடை குறைந்த மரக்கூரைக்காகக் கட்டிய சுவரும், மழைநீர் ஊறிய மண்ணும் சேர்ந்து அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. அந்த இடிபாட்டுக்குப் பின் 10.5 கோடி யூரோ மதிப்பில் பெரும் பொம்பேய்த் திட்டம் தொடங்கியது. எந்தச் சுவர் மண்சாந்து, எது சுண்ணாம்பு, எங்கே எடை இறங்குகிறது, எங்கே வெறும் நிரப்பு, எந்த ஒட்டு எப்போதையது என்று அறியாமல் ஒரு சுவரைத் தொடுவது பாதுகாப்பாகாது.

கல் காலம் காட்டும், ஆனால் தனியாகக் காட்டாது. அது எந்தச் சாந்தில், எந்த இடத்தில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் காட்டும். பொம்பேய்ச் சுவர் ஒவ்வொன்றும் ஒரு கொத்தனாரும் ஒரு வீட்டுக்காரரும் கையிலிருந்த பணத்துக்கும் கல்லுக்கும் காலத்துக்கும் ஏற்பச் செய்துகொண்ட உடன்பாடு. அந்த உடன்பாட்டைப் பிரித்துப் படிக்கப் பழகியபோதுதான், இத்தாலிய வீட்டின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுமந்திருந்த தவறான தொடக்கத்தை இறக்கிவைத்தது.